எங்கள் டவுன்ஷிப்பில் அஃபோர்டபிள் ஹவுசிங் வரப்போகிறது. எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கேட்டவர் நியூ ஜெர்சியில் சொந்த வீடு வாங்கிக் குடியிருப்பவர். பக்கத்துக் காலி நிலத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக ஒரு வாடகைக் குடியிருப்பு கட்டலாமா என்று அவருடைய டவுன்ஷிப் கவுன்சில் யோசிக்கிறது. வீட்டு விலை விழும், பள்ளி நிரம்பி வழியும் என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் மனு சுற்றுகிறதாம்.

நான் போட மாட்டேன். எங்கள் ஊரிலும் ஏறக்குறைய இதே மனு வந்தது, போடவில்லை. அதற்காக என்னைப் பெரிய தர்மவான் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கும் அதே வரி, அதே பள்ளி, அதே வீட்டுக் கடன்தான். இந்த மாநிலத்தில் "வேண்டாம்" என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் மனுவை வைத்துக்கொண்டு கவுன்சில் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றும் இல்லை என்பதால்தான் போடவில்லை. மனு பேசாத இரண்டு மூன்று விஷயங்களில்தான் கவுன்சிலின் கையில் அதிகாரம் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிலடெல்பியாவுக்கும் கேம்டனுக்கும் பக்கத்தில் மவுன்ட் லாரல் என்று ஒரு டவுன்ஷிப். 1960களின் கடைசியில் அங்கே பண்ணைகள் போய் புறநகர் வீடுகள் வந்துகொண்டிருந்தன. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த கறுப்பினக் குடும்பங்கள் சில, கோழிக் கொட்டகையை மாற்றிக் கட்டிய வீடுகளில் வசித்தன. எத்தல் லாரன்ஸ் என்ற பெண்மணியும் அக்கம்பக்கத்தாரும் 36 அடுக்ககங்கள் கட்ட அனுமதி கேட்டார்கள். அதற்கு 1970இல் மேயர் தேவாலயத்திலேயே வந்து சொன்ன பதில், இந்த ஊரில் வாழ வசதியில்லை என்றால் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான் என்பது. அவர்கள் போகவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். 1975இல் மாநில உச்ச நீதிமன்றம், வளரும் ஊர்கள் எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் சோனிங் விதிகளை வைத்து ஏழைகளை வெளியே நிறுத்தக் கூடாது, அந்த வட்டாரத்தின் தேவையில் தமக்குரிய பங்கை ஒவ்வொன்றும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஊர்கள் சும்மா இருந்தன. 1983இல் அதே நீதிமன்றம் தீர்ப்புக்குப் பல் வைத்தது. ஒரு ஊர் தன் பங்கைச் செய்யாவிட்டால் பில்டர் வழக்குப் போட்டு, சோனிங் அனுமதிப்பதைவிட நெருக்கமாகக் கட்டும் உரிமையைக் கோர்ட்டிலேயே வாங்கலாம். பில்டர்ஸ் ரெமெடி என்பது இதுதான்.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. 2008 வரை, வசதியான ஊர் தன் பங்கில் பாதி வரை இன்னொரு ஊருக்குப் பணம் கொடுத்துத் தள்ளிவிடலாம். இப்போது அந்தக் கதவு மூடியாகிவிட்டது. 2024 மார்ச்சில் வந்த சட்டத்தின்படி 2025 முதல் 2035 வரையிலான பத்தாண்டுக்கு ஒவ்வொரு ஊரும் தன் எண்ணிக்கையை ஏற்று, எங்கே எப்படி என்று 2025 ஜூன் இறுதிக்குள் திட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் தெருவோர நிலம் பெரும்பாலும் அந்தத் திட்டத்தில் இருக்கும். அந்தத் திட்டத்துக்கு "ஹவுசிங் எலிமென்ட்" என்று பெயர், டவுன்ஷிப் இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

சரி, கவுன்சில் துணிந்து வேண்டாம் என்றால் என்ன ஆகும்? இங்கேதான் கணக்கு வருகிறது. மனு போடுபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. ஊர் தன் பங்கை நிறைவேற்ற முக்கியமாக இரண்டு வழி உண்டு. ஒன்று, முழுக்க முழுக்க அஃபோர்டபிள் வீடுகளாகக் கட்டும் திட்டம். அறுபது வீடு வேண்டுமா, அறுபதுதான் கட்டுவார்கள். இன்னொன்று, சாதாரண பில்டர் கட்டும் பெரிய வளாகத்தில் 15 அல்லது 20 சதவீதத்தை ஒதுக்குவது. அந்த வழியில் அதே அறுபது கிடைக்க 300 முதல் 400 வீடுகள் வர வேண்டும். அத்தனை கார், அத்தனை பிள்ளைகள், அத்தனை மழைநீர். உங்கள் கவுன்சில் முன் இருப்பது முதல் வகை என்று கேள்வியிலிருந்து தெரிகிறது. அதைத் தோற்கடித்தால் காலி நிலம் காலியாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பில்டர் வழக்கிலிருந்து இருக்கும் சட்டப் பாதுகாப்பை ஊர் இழந்தால் நான்கு மாடியோடு எந்த பில்டர் வேண்டுமானாலும் வரலாம்.

ஒத்திப்போடச் சொல்வதும் இப்படித்தான். "இன்னும் ஆய்வு செய்யுங்கள்" என்பது காதுக்கு நியாயமாக இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களுக்குப் பெரும்பாலும் பணம் வருவது 1986இல் தொடங்கிய மத்திய வரிச் சலுகையிலிருந்து. அதில் பெரிய சலுகையை மாநில வீட்டு நிதி முகமை போட்டி வைத்துச் சுற்றுச் சுற்றாகக் கொடுக்கிறது. ஒரு சுற்று தவறினால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், கட்டுமானச் செலவோ காத்திருக்காது. தள்ளிப் போடுவதே திட்டத்தைக் கொல்லும் வழி என்பது கூட்டங்களில் பேசும் பழைய ஆட்களுக்கு நன்றாகவே தெரியும்.

வீட்டு விலைக்கு வருகிறேன். மவுன்ட் லாரலில் அந்தக் குடியிருப்பு கடைசியில் வந்தது. கட்டுமானத் திட்டங்களை விசாரித்து அனுமதிக்கும் பிளானிங் போர்டு 1997இல்தான் அனுமதித்தது. எத்தல் லாரன்ஸ் 1994இலேயே இறந்துவிட்டார். அவர் பெயரிலேயே, 140 வீடுகள், 2000இன் இறுதியிலிருந்து ஆட்கள் குடிவந்தார்கள். அனுமதிக்கு முன் நடந்த கூட்டங்களில் எழுந்த பயங்கள் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவைதான்: விலை, குற்றம், வரி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மாஸி குழு அந்த ஊரைப் பக்கத்து ஊர்களோடு பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பார்த்து 2013இல் வெளியிட்டது. குடியிருப்பு வந்ததால் வீட்டு விலை விழுந்ததாகவோ, குற்றம் கூடியதாகவோ, வரி ஏறியதாகவோ தெரியவில்லை. வீடு கிடைத்தவர்களை, விண்ணப்பித்தும் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டபோது, கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கூடியிருந்தது, பிள்ளைகள் நல்ல பள்ளிகளில் படித்தார்கள். ஒரே ஒரு இடம்தானே என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். மோசமாகக் கட்டி மோசமாக நடத்தினால் கதை வேறு. அதனால்தான் யார் நடத்தப் போகிறார்கள், அவர்களுடைய பழைய குடியிருப்புகள் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போய் ஒன்றைப் பார்த்துவிட்டும் வரலாம்.

பள்ளி விஷயத்தில் மனுக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிள்ளைகள் வருவார்கள். "குடும்பக் குடியிருப்பு" என்றாலே அதுதானே. ஊர்கள் முதியோர் குடியிருப்பைத்தான் விரும்பும், தாத்தா பாட்டி பள்ளிக்குப் போக மாட்டார்கள் என்பதால். அதனால்தான் சட்டமே, குறைந்தது பாதி வீடுகள் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. படுக்கையறைக்கும் விதி உண்டு: ஐந்தில் ஒரு பங்காவது மூன்று படுக்கையறை. இதில் கவுன்சிலால் ஒன்றும் செய்ய முடியாது.

பணத்தில் செய்ய முடியும். இப்படிப்பட்ட கட்டடங்கள் பெரும்பாலும் வழக்கமான பிராப்பர்ட்டி டாக்ஸ் கட்டுவதில்லை. கவுன்சிலோடு ஒப்பந்தம் போட்டு அதற்குப் பதிலாக ஒரு தொகை கட்டும், பைலட் என்பார்கள். நீங்களும் நானும் கட்டும் வரியில் சராசரியாகப் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகிறது. பைலட் பணமோ பெரும்பாலும் டவுன்ஷிப் கஜானாவுக்கே போகும், பள்ளிக்குப் பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கவுன்சில் மனம் வைத்தால் பகிரலாம். பள்ளி தன் வரியை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் எளிதில் ஏற்ற முடியாத மாநிலத்தில் இது சின்ன விஷயம் அல்ல. "பைலட் தொகையில் பள்ளிக்கு எவ்வளவு தருவீர்கள், எழுத்தில் இருக்கிறதா?" இந்த ஒரு கேள்விக்காகவே நீங்கள் கூட்டத்துக்குப் போகலாம். மனுவில் ஆயிரம் கையெழுத்து இருந்தாலும் இந்தக் கேள்வி அதில் இருக்காது.

யார் வருவார்கள் என்ற கேள்வியும் குழுவில் ஓடும். மூன்று வருமானப் படிகள் உண்டு: வட்டாரத்தின் நடுநிலை வருமானத்தில் 30 சதவீதம் வரை, 50 வரை, 80 வரை. நம் பிள்ளைகளின் வகுப்பில் இருக்கும் உதவி ஆசிரியை, இந்திய மளிகைக் கடை கல்லாவில் நிற்பவர், கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் எல்லாம் இந்தப் படிகளில்தான் வருகிறார்கள். "நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் கொடுக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு: வட்டாரம் முழுக்க விளம்பரம் செய்து குலுக்கலில்தான் கொடுப்பார்கள்.

கூட்டங்கள் இரண்டு வகை. கவுன்சில் கூட்டத்தில் சோனிங், நிலம், பைலட் முடிவாகும். பொதுமக்களுக்குச் சில நிமிடம் பேச நேரம் தருவார்கள். பிளானிங் போர்டில் நடப்பது கிட்டத்தட்ட கோர்ட் மாதிரி. இன்ஜினியரும் போக்குவரத்து நிபுணரும் சத்தியப் பிரமாணம் செய்து பேசுவார்கள், நீங்கள் அவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். உங்கள் வீடு 200 அடிக்குள் இருந்தால் விசாரணைக்குப் பத்து நாள் முன்னதாக நோட்டீஸ் வர வேண்டும். மழைநீர் எந்தப் பக்கம் வடியும், பள்ளிப் பேருந்து எங்கே நிற்கும், கடைத்தெரு வரை நடைபாதை உண்டா என்பதற்கெல்லாம் அங்கே பதில் வாங்கலாம், நிபந்தனையாகவும் சேர்க்க வைக்கலாம். எங்கள் ஊரில் நடைபாதை அப்படித்தான் வந்தது. அதைக் கேட்டு வாங்கியவர், திட்டத்தை எதிர்த்துப் பேச வந்த ஒரு குஜராத்தி அங்கிள்!

வரப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று மட்டும் மைக்கில் பேசாதீர்கள். எல்லாம் பதிவாகும், வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது அந்தப் பதிவைத்தான்.