சாக்ஸ் வாசிச்சே பொழைக்க முடியுமா?

கேள்வி: சார், நான் கடலூர் மஞ்சக்குப்பம். சர்ச் பேண்டுல ஆல்டோ சாக்ஸ் (சாக்ஸபோன்ல ஒரு வகை) வாசிக்கிறேன். பாண்டியில சொந்தமா ஒரு ஜாஸ் பேண்டு ஆரம்பிக்கணும்னு ஆசை. அப்பா பேங்க் பரீட்சை எழுதுடாங்கிறாரு. என்ன பண்றது?

பதில்: பரீட்சையை எழுது தம்பி, ஆனா சாக்ஸை விட்டுடாத. பேண்டு லீடர்னா கேக்க கெத்தா இருக்கும், ஆனா சாக்ஸ் புடிக்கிறதை விட போன் புடிக்கிற நேரம்தான் ஜாஸ்தி. டிரம்மருக்கு அதே தேதியில கல்யாணக் கச்சேரி இருக்கும், பேஸ் வாசிக்கிறவரு சென்னையிலேர்ந்து வரணும், ஹோட்டல்காரர் கடைசி நேரத்துல நாலு பேர் வேணாம் ரெண்டு பேர் போதும்பாரு, பேமெண்ட் அடுத்த மாசம்பாரு, ஆனா நம்ம ஆளுங்களுக்கு அன்னிக்கு ராத்திரியே கையில காசு குடுத்தாகணும், இல்லேன்னா அடுத்த தடவை எவனும் போனை எடுக்கமாட்டான். அமெரிக்க ஜாஸ் பேண்டு லீடர் ட்யூக் எலிங்டன், 1963-ல நம்ம நாட்டுக்கு வந்தே வாசிச்சவரு, அவரே தன்னோட பாட்டுக்கு வந்த ராயல்டியைப் போட்டுத்தான் அவ்ளோ பெரிய பேண்டைக் கலையாம வச்சிருந்தாரு. நமக்கு ராயல்டி எங்க வரப்போகுது, பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்க வேண்டியதுதான், மாசாமாசம் வர்ற காசு அதுதான். ஹோட்டல்காரர் ரெண்டு பேர் போதும்னாலும் சமாளிக்கிற மாதிரி, கிட்டார்காரர் ஒருத்தரோட மட்டும் ரெண்டு மணி நேரம் ஓட்டப் பழகிக்கோ. ஜூன் 21 மியூசிக் திருவிழாவுக்கு பாண்டி வந்துடு, சம்பாத்தியம் பெருசா இருக்காது, ஆனா டிரம்மர், பேஸுன்னு ஆளைப் புடிக்க நல்ல நாள்.

கேள்வி: கத்ரி கோபால்நாத் சாக்ஸ்ல வாசிச்சதும் ஜாஸ் தானே? (முத்தியால்பேட்டை வாசகி)

பதில்: இல்லீங்க, அது அக்மார்க் கர்நாடக சங்கீதம், வாத்தியம்தான் வெளிநாடு. ஜாஸ்ல பாட்டோட கார்டு (chord, அதாவது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கிறது) வரிசை சுத்திச் சுத்தி வரும், அது மேல கற்பனை பண்ணி வாசிக்கணும். ஆனா 1980 பம்பாய் ஜாஸ் விழாவுல அமெரிக்க சாக்ஸ்காரர் ஜான் ஹேண்டி அவரோட சேர்ந்து வாசிச்சிருக்காரு, 2008-ல இன்னொரு அமெரிக்க சாக்ஸ்காரர் ருத்ரேஷ் மகந்தப்பாவோட சேர்ந்து ஆல்பமே வந்துச்சு.

கேள்வி: பிராக்டிஸ் பண்ணா பக்கத்து வீட்டுக்கார அக்கா சண்டைக்கு வர்றாங்க. பீச்சுல போய் வாசிக்கலாமா? (நெல்லித்தோப்பு வாசகர்)

பதில்: உங்களுக்கு மட்டும் இல்ல சார், அமெரிக்க ஜாஸ் சாக்ஸ்காரர் சன்னி ராலின்ஸுக்கும் இதே கதைதான். பக்கத்து வீட்டுல கர்ப்பிணிப் பொண்ணு இருந்ததால, நல்லா பேர் வாங்கினப்புறமும் 1959-லேர்ந்து 1961 வரைக்கும் நியூயார்க் வில்லியம்ஸ்பர்க் பாலத்துல போய் வாசிச்சாரு. நம்ம ஊர் பீச் மட்டும் வேணாம், உப்புக்காத்துல ஸ்பிரிங்கெல்லாம் துரு ஏறிடும். ஏற்கெனவே இந்தப் புழுக்கத்துல ஜி ஷார்ப் ஸ்வரத்தோட ஓட்டையை மூடுற பேடு ஈரமாகி ஒட்டிக்கும், சோலோ நடுவுல அமுக்கினா மூடி எழும்பாது, மானம் போயிடும். வாசிச்சு முடிச்சதும் அந்த பேடுக்கு அடியில மெல்லிசு பேப்பரை வச்சு லேசா அமுக்குங்க, ஈரத்தை இழுத்துக்கும். அக்காகிட்ட எந்த நேரம் பரவாயில்லைன்னு கேட்டு அந்த நேரத்துல வாசிங்க, ஜன்னலைச் சாத்திட்டு.