வீட்டில் செய்த என்கோடரை சிஎன்சி இயந்திரத்துக்கு நம்பலாமா?

சுங்கை சிப்புட்டில் மரம் செதுக்கும் சிஎன்சி (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம்) அமைக்கும் தம்பி, சர்வோ கன்ட்ரோலரையும் (மோட்டாரைச் சொன்ன இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும் சுற்று) என்கோடரையும் (மோட்டார் எவ்வளவு சுழன்றது என்று காட்டும் கருவி) சொந்தமாகவே செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். கன்ட்ரோலரைத் தாராளமாகச் செய்யலாம். என்கோடர்தான் தலைவலி.

ஒளி ஊடுருவும் தெளிதாளில் அச்சிட்டு என்கோடருக்கு 100 கோட்டு வட்டு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோடுகளைப் பார்க்கும் இரண்டு ஒளி உணரிகளிலிருந்து 90 பாகை தள்ளி வரும் இரண்டு அலைகளின் ஏற்ற இறக்கம் அத்தனையையும் எண்ணினால் சுற்றுக்கு 400. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் பால் ஸ்குரூவில் (சுழற்சியை நேர் நகர்வாக்கும் திருகு) ஒவ்வொரு எண்ணிக்கையும் 0.0125 மி.மீ.; மரவேலைக்கு இந்த நுணுக்கமே தாராளம். ஆனால் வட்டு மையம் விலகி உட்கார்ந்தால் அந்த 90 பாகை கலைந்து எண்ணிக்கை தவறும். தவறியது திரும்பி வராது. பலகையில் வெட்டு மெல்ல மெல்ல ஒதுங்கிக்கொண்டே போகும். செம்பனை ஆலையில் தெரிந்த ஃபிட்டர் இருந்தால் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) இரவல் வாங்கி, வட்டு உட்காரும் மையப் பகுதியின் ஆட்டத்தைப் பாருங்கள். என்னைக் கேட்டால், பழைய பிரிண்டர் மோட்டாரை வட்டோடு எடுத்துக்கொள்வதே மேல்.

கன்ட்ரோலருக்கு எஸ்டிஎம்32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சில்லு போதும். அதன் டைமரே என்கோடரை எண்ணிவிடும். பிழையைப் பார்த்து மோட்டாரைத் திருத்தும் பிஐடி கணக்கில் முதலில் பி (இப்போதைய பிழைக்கு ஏற்ற திருத்தம்), பிறகு டி (பிழை மாறும் வேகத்துக்கு), கடைசியில் கொஞ்சம் ஐ (சேர்ந்துவரும் பிழைக்கு) என்று அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். சொன்ன இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் இடைவெளி வரம்பு மீறினால் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தும்படி நிரல் எழுதுங்கள். இல்லையென்றால், என்கோடர் கம்பி அறுந்த கணமே மோட்டார் முழு வேகத்தில் ஓடிப்போய் முட்டும்.