‘நீ கேளும்மா’ என்று முதுகுக்குப் பின்னால் ஒளியும் மகள்

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். விசேஷ வீடுகளில் உறவுக்காரர்களை ‘வாங்க’ என்று கூப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. சில மாதங்களுக்கு முன், சொந்தபந்தமெல்லாம் கூடி முன்னோரைக் கும்பிடும் ஒரு படைப்புக்குப் போயிருந்தோம். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், கேரம் ஆடிய பிள்ளைகளிடம், “என்னையும் சேத்துக்கிறீங்களா?” என்று கேட்டிருக்கிறாள். “ஆளு போதும்” என்று சொல்லிவிட்டார்கள். அழுதுகொண்டே வந்தாள். நான் போய்ச் சத்தம் போட்டுச் சேர்த்துவிட்டேன். அன்றிலிருந்து கடையில் மிட்டாய் வாங்கக்கூட “நீ கேளும்மா” என்கிறாள். எப்படிப் பேச வைப்பது?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: சகோதரி, உங்கள் மகளுக்குப் பேச வராமல் இல்லை. வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, “வாங்க அயித்தை”, “வாங்க அம்மான்” என்று தனித்தனியாகக் கூப்பிட வேண்டும். பொத்தாம்பொதுவாக ஒரு கும்பிடு போட்டால் நம்மூர் ஆச்சிமார் விடமாட்டார்கள். அதையே செய்கிற பிள்ளை கடைக்காரரிடம் வாய் திறக்க மறுக்கிறாள். ஏனென்றால் ‘வாங்க’ என்றால் யாரும் ‘முடியாது’ என்று சொல்லப்போவதில்லை. ‘சேத்துக்கிறீங்களா?’ என்றால் சொல்லக்கூடும். அவளுக்குப் பயம் அந்தப் பதிலில்தான்.

கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பதிலைப் பூதமாக்கியதில் நீங்கள் போட்ட சத்தத்துக்கும் பங்கு உண்டு. விட்டிருந்தால் மூக்கைச் சிந்திக்கொண்டு அரைமணியில் வேறு ஆட்டத்துக்குப் போயிருப்பாள். ‘ஆளு போதும்’ என்பது அம்மா வந்து ஊரைக் கூட்டுகிற அளவுக்குப் பெரிய விஷயம் போலிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். (தினமும் கேலி, அடி என்றால் கதை வேறு. அப்போது நீங்கள் போகத்தான் வேண்டும்.)

என் மகனுக்குப் பத்து வயதிருக்கும்போது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குக் கூட்டிப் போனேன். பழைய சாமான் கடைகள் நிறைந்த தெரு. ஓர் எனாமல் தூக்கு அவன் கண்ணில் பட்டது. விலை 400 ரூபாய். “நீயே கேள்” என்று நகர்ந்துகொண்டேன். 250க்குக் கேட்டான். “கட்டாது தம்பி.” 300? “கட்டாதுப்பா.” சொல்லிக்கொண்டே கடைக்காரர் தூக்கை வாங்கித் துணியால் துடைத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினார். முகம் கோணவில்லை. “வெயிலா இருக்கு, தண்ணி குடிச்சிட்டுப் போ” என்று செம்பை நீட்டினார்.

காது சிவக்க வெளியே வந்தவன், “அவருக்கு எம்மேல கோவமாம்மா?” என்றான்.

“கோவம்னா தண்ணி குடுப்பாரா?”

பத்தடி நடந்த பிறகு, “அடுத்த தடவை முந்நூத்தம்பதுல ஆரம்பிக்கணும்” என்றான். வியாபாரம் அவனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் கேட்க அஞ்சுவதில்லை.

உங்கள் மகளுக்கும், கிடைக்காவிட்டால் நஷ்டமில்லாத சின்னச் சின்ன விஷயங்களைக் கேட்கக் கொடுங்கள். “கொசுறா ஒரு கொத்து கறிவேப்பிலை தர்றீங்களா?” என்று சந்தையில் அவள் கேட்கட்டும். பக்கத்திலேயே நில்லுங்கள், ஆனால் அவளுக்காக வாய் திறக்காதீர்கள். ஐந்து நிமிஷம் தயங்கினாலும் சரி, பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிட்டுக் காத்திருங்கள். இல்லை என்றால் “சரிங்க” என்று சொல்லி நகர வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் நீங்கள் கடைக்காரராக உட்கார்ந்து இதை ஆட்டமாகவே ஆடலாம். கண்ணில் தண்ணீர் வந்தால் வரட்டும். “இதுக்குப் போயா அழுவாங்க?” என்று கேட்காதீர்கள். அடுத்த கடையில் வேறொன்றை வாங்கிக் கொடுத்து ஈடுகட்டவும் வேண்டாம்.

அவள் சொல்லும் ‘மாட்டேன்’ வீட்டில் செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள். விருந்தாளி முன்னால் “ஒரு பாட்டுப் பாடு” என்கிறோம். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். தன் மறுப்பை மற்றவர்கள் கோபமில்லாமல் ஏற்பதைப் பார்த்த பிள்ளைக்குத்தான் பிறர் மறுப்பும் பகையாகத் தெரியாது.

ஒன்றை மட்டும் பள்ளியில் விசாரியுங்கள். வீட்டில் வாயாடும் பிள்ளை, பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேல் பேச்சே இல்லாமல் இருந்தால் அதை வெறும் கூச்சம் என்று தள்ளக்கூடாது. ‘செலக்டிவ் மியூட்டிசம்’ என்கிற பதற்றப் பிரச்சினையாக இருக்கலாம். அதட்டினால் இன்னும் அதிகமாகும். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த படைப்பில் அவள் கேரம் பலகைப் பக்கம் போனால், நீங்கள் வளவுக்குப் பின்னாலுள்ள இரண்டாங்கட்டிலேயே இருங்கள். காய் நறுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கை சும்மா இருந்தால் கால் வளவுக்கு ஓடிவிடும்.