மருதாணியும் மக்பெத்தும்

கேள்வி: என் ஆங்கிலச் சிறுகதையில், மருதாணி மணப்பெண்ணின் கைகளை ‘இன்கார்னடைன்’ செய்தது என்று எழுதியிருந்தேன். ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். காரணம் கேட்டால் சொல்ல மறுக்கிறார். அகராதியில் ‘சிவக்கச் செய்’ என்றுதானே இருக்கிறது?

பதில்: கதை முடிவதற்குள் உங்கள் மணப்பெண் யாரையாவது தீர்த்துக்கட்டப் போகிறாளா? இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

அகராதி சொன்னது சரிதான். எந்தச் சிவப்பு என்று நீங்கள்தான் விசாரிக்கவில்லை. சதையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. (அவதாரத்தைச் சொல்லும் ‘இன்கார்னேஷ’னுக்கும் அதே வேர்தான்.) முதலில் வெறும் பெயரடை, வெளிறிய சதைச் சிவப்பு என்று பொருள். ‘மக்பெத்’ நாடகத்தில் ஷேக்ஸ்பியர் அதை வினைச்சொல்லாக்கினார். தூங்கிக்கொண்டிருந்த மன்னன் டங்கனைக் குத்திக் கொன்றுவிட்டு வரும் மக்பெத், கடல் தெய்வமான நெப்டியூனின் கடல் மொத்தமும் சேர்ந்தாலும் இந்த ரத்தத்தைக் கழுவுமா என்று தன் கையைப் பார்த்துக் கேட்கிறான். கழுவாது, இந்தக் கைதான் கடல்களையெல்லாம் இன்கார்னடைன் செய்துவிடும் என்று பதிலும் அவனே சொல்லிக்கொள்கிறான். அதன் பிறகு சொல்லின் நிறமே மாறிவிட்டது. ரத்தச் சிவப்பு ஏறிவிட்டது. ஆங்கில இலக்கியம் படித்தவர் காதில் அது விழுந்தால் கூடவே கொலைகாரனின் கையும் வந்து நிற்கும். நீங்களோ அதைக் கையிலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்! நண்பர் சிரிக்காமல் என்ன செய்வார்?

1859இல் பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடல்களை ஆங்கிலமாக்கிய ஃபிட்ஸ்ஜெரால்டும் இதே சொல்லை ஆண்டார். மது, மது, செம்மது என்று நைட்டிங்கேல் பறவை ரோஜாவைப் பார்த்துக் கூவுகிறது, அதன் மஞ்சள் கன்னத்தைச் சிவக்க வைக்க. கன்னம், அதுவும் பூவின் கன்னம். அதனால் பிழைத்தார்.

மருதாணிக்கு ‘ரெட்டன்’ போதும். எளிய சொல்லாயிற்றே என்று கூச்சம் வேண்டாம். அவ்வளவு பெரிய சொல்லைப் போட்ட ஷேக்ஸ்பியரே அடுத்த வரியில் ‘கிரீன்’, ‘ரெட்’ என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்களில் அதையே திரும்பச் சொல்கிறார். ‘மேக்கிங் த கிரீன் ஒன் ரெட்’ என்ற அந்த வரியிலும் ஒரு காற்புள்ளித் தகராறு உண்டு. 1623 பதிப்பில் உள்ளபடி ‘ஒன்’னுக்குப் பின் காற்புள்ளியோடு படித்தால் ‘பச்சைக் கடலைச் சிவப்பாக்கி’ என்றாகும். பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் காற்புள்ளியை ‘கிரீ’னுக்குப் பின் நகர்த்தி, ‘பச்சையை ஒரே சிவப்பாக்கி’ என்று படித்தார்கள். என் ஓட்டு இவர்களுக்குத்தான். கடல் சிவந்தால் ஒரு திட்டுகூட மிச்சமில்லாமல் சிவக்க வேண்டாமா?