வாசகர் கேள்வி: உள்ளே விடவில்லை, ஆனாலும் எழுதிவைத்தார்கள்

கே: ஐ.நா. அறிக்கை, மனித உரிமைக் கண்காணிப்பு என்று வருஷாவருஷம் படிக்கிறேன். ஒரு சிறுபான்மை இனத்தையாவது அது காப்பாற்றியிருக்கிறதா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

ப: மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் வாழும் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களைக் காப்பாற்றவில்லை. அதை மழுப்பிப் பேச எனக்கு மனமில்லை. மியான்மரை விசாரிக்க ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சில் உண்மை அறியும் குழுவை அமைத்தது 2017 மார்ச்சில். அதே வருஷம் ஆகஸ்ட் 25ஆம் தேதி, ரோஹிங்கியா ஆயுதக்குழு ஒன்று காவல் சாவடிகளைத் தாக்கியதைச் சாக்காக வைத்து ராணுவம் ராக்கைன் மாநிலத்தில் இறங்கியது. சில மாதங்களில் 7 லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். குழு இருந்தும் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் அதன் கையில் இருந்தது பேனா மட்டும்தான். ஆனால் அந்தப் பேனா எழுதியதை வைத்துத்தான் இன்று வழக்கு நடக்கிறது. அதனால் அது வீண் என்று என்னால் சொல்ல முடியாது.

கே: நாட்டுக்குள்ளேயே விடாவிட்டால் எப்படி விசாரிக்க முடியும்?
- கல்லூரி மாணவர், நாகர்கோவில்

ப: நல்ல கேள்வி. மியான்மர் கடைசிவரை அந்தக் குழுவை உள்ளே விடவில்லைதான். இந்தோனேசியாவின் மார்சுகி தாருஸ்மான் தலைவர். இலங்கையைச் சேர்ந்த ராதிகா குமாரசாமி, ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டோபர் சிடோட்டி உறுப்பினர்கள். தப்பி வந்தவர்களைத் தேடிப் போய் 875 பேரிடம் விரிவாகப் பேசினார்கள். ஒரே கிராமத்து ஆட்கள் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு நாளில் சொன்னது ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். அப்புறம் செயற்கைக்கோள் படங்கள். அந்தப் படத்தில் ஒரு ரோஹிங்கியா ஊர் முழுக்கச் சாம்பல், ஒட்டினாற்போல் இருக்கும் ராக்கைன் பௌத்தர்களின் ஊரில் கூரை கூடக் கருகவில்லை. 'கலவரத்தில் தீப்பிடித்தது' என்ற கதை அங்கேயே செத்துவிடுகிறது, தீ அப்படி ஆள் பார்த்து எரியாது. குறைந்தது 392 கிராமங்கள் முழுதாகவோ பாதியாகவோ அழிந்ததாகக் கணக்கிட்டார்கள். 2018 ஆகஸ்டில் வந்த அறிக்கை, ராணுவத் தலைமைத் தளபதி மின் ஆங் ஹ்லைங் உள்ளிட்ட தளபதிகளைப் பேர் சொல்லி, இனப்படுகொலைக்கு விசாரிக்க வேண்டும் என்றது. அன்றைக்கே ஃபேஸ்புக் அவருடைய பக்கத்தை நீக்கியது. வெறுப்புப் பேச்சு அத்தனை காலம் அங்கே பரவியபோது ஏன் விட்டுவைத்தார்கள் என்ற கேள்வி இன்னும் இருக்கிறது.

கே: வழக்குப் போட்டது காம்பியா என்கிறார்களே, ஆப்பிரிக்காவில் இருக்கும் குட்டி நாட்டுக்கு இதில் என்ன வேலை?
- வாசகர், கோவை

ப: 1948 இனப்படுகொலை உடன்படிக்கையில் கையெழுத்திட்ட எந்த நாடும், அதில் சேர்ந்த இன்னொரு நாட்டைக் கேள்வி கேட்கலாம், தனக்கு நேரடிப் பாதிப்பு இருக்க வேண்டியதில்லை. மியான்மரும் அதில் சேர்ந்த நாடுதான். காம்பியாவின் அப்போதைய நீதி அமைச்சர் அபுபக்கர் தம்பாடு, ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த தீர்ப்பாயத்தில் வேலை பார்த்தவர். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் உள்ள அகதி முகாமுக்குப் போய் அந்த மக்கள் சொன்னதைக் கேட்டபோது ருவாண்டாதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. 2019 நவம்பரில் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2020 ஜனவரி 23 அன்று, மீதியிருக்கும் ரோஹிங்கியாக்களைப் பாதுகாக்க வேண்டும், ஆதாரங்களை அழிக்கக் கூடாது என்று மியான்மருக்கு இடைக்கால உத்தரவு வந்தது. அந்த உத்தரவில் நீதிபதிகள் எடுத்துக் காட்டியது எதை என்று நினைக்கிறீர்கள்? மேலே சொன்ன குழுவின் அறிக்கைகளைத்தான்.

கே: சரி, இதுவரை யாராவது தண்டனை அனுபவித்தார்களா?
- வாசகி, காரைக்குடி

ப: ராக்கைன் மாநிலத்தில் இன் தின் என்று ஒரு கிராமம். 2017 செப்டம்பர் 2 அன்று அங்கே ரோஹிங்கியா ஆண்கள் 10 பேரைக் கொன்றார்கள். கொல்லும் முன் வரிசையாக மண்டியிட வைத்து எடுத்த படம் இருக்கிறது. அதைத் துருவிய ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரும் 500 நாளுக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். கொன்றதற்காக 10 வருடத் தண்டனை பெற்ற சிப்பாய்கள் ஒரு வருடம் முடியும் முன்பே வெளியே வந்துவிட்டார்கள். இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

மின் ஆங் ஹ்லைங்கைக் கைது செய்ய வாரண்ட் கேட்டு, 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் (இது நாடுகளை அல்ல, தனி ஆட்களை விசாரிக்கும் வேறொரு நீதிமன்றம்) வழக்குத் தொடுநர் விண்ணப்பித்தார். அந்த நீதிமன்றத்தில் மியான்மர் உறுப்பினர் இல்லை. ஆனால் வங்கதேசம் உறுப்பினர், விரட்டப்பட்டவர்கள் வந்து விழுந்தது அந்த மண்ணில், அதைப் பிடித்துத்தான் உள்ளே நுழைந்தார்கள். ஜெனிவாவில் 2019இலிருந்து ஒரு தனி அமைப்பு வாக்குமூலங்களையும் ஆதாரங்களையும் சேகரித்து வைத்து வருகிறது, நியாயமாக விசாரிக்கும் உள்நாட்டு, சர்வதேச நீதிமன்றங்களுக்குக் கொடுப்பதற்காக.

முகாமில் இருப்பவர்கள் கேட்பது தண்டனை மட்டுமில்லை. 1982 குடியுரிமைச் சட்டம் அவர்களை வெளியாட்கள் ஆக்கிவிட்டது. குடியுரிமை கொடுங்கள், ஊருக்குப் போகிறோம் என்கிறார்கள். பழைய அடையாள அட்டையையும் குடும்பப் பட்டியலையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்தவர்கள் உண்டு. மூங்கில் குடிசைக்குள் மழை ஒழுகும்போது முதலில் அந்தப் பையைத்தான் நகர்த்தி வைக்கத் தோன்றும், இல்லையா?