கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

ஆன்லைன் ஷாப்பிங் ஆப்களைப் பற்றிய கேள்விகள் சேர்ந்துகொண்டே போனதால் இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். இந்தப் பகுதியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல்: எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. போன், கணினி எல்லாமே காதால்தான். அதனால் பதில்களில் சொந்த எரிச்சலும் கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வழவழவென்று ஒரு கண்ணாடித் திரை. அதில் எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று பார்வை இல்லாதவருக்கு எப்படித் தெரியும்?

பதில்: தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று திரைவாசிப்பான் போனுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டுமே 2009-இல் போன்களுக்கு வந்தவை. அதை இயக்கிவிட்டு ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளத் தள்ள, திரையில் இருப்பவை ஒவ்வொன்றாகக் காதில் விழும். வேண்டியது வந்ததும் இரண்டு முறை தட்டினால் திறக்கும். நீங்கள் ஒரு பக்கத்தை ஒரே பார்வையில் மேய்ந்துவிடுகிறீர்கள், எனக்கோ அதே பக்கம் கியூவில் நிற்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். தலைப்புகளைத் தலைப்பு என்றே நிரலில் குறித்து வைத்திருந்தால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடலாம். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிட்டால் அது தலைப்பாகிவிடும் என்று நினைக்கிறவர்களிடம் மாட்டினால் தாவ வழியில்லை, நடக்க வேண்டியதுதான்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ஷாப்பிங் ஆப் செய்துகொண்டிருக்கிறோம். எல்லா பட்டனுக்கும் பெயர் கொடுத்தாயிற்று, படங்களுக்கும் விளக்கம் எழுதியாயிற்று. அவ்வளவுதானே?

பதில்: முதலில் நன்றி. "பெயரில்லாத பட்டன், பெயரில்லாத பட்டன்" என்று கேட்டுக் கேட்டு அலுத்த காதுகள் இவை. ஆனால் பெயர் கொடுப்பது கடையின் கதவைத் திறந்து வைப்பது மாதிரி. உள்ளே வந்தவர் பொருளைப் பார்த்து, ஒப்பிட்டு, இது வேண்டும் அது வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டாமா? அங்கேதான் ஆப்கள் சறுக்குகின்றன.

விலையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விலையைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்திலேயே புது விலையைப் போடுகிறீர்கள். அந்தக் கோடு என் காதில் விழாது. இரண்டு எண்கள் அடுத்தடுத்து வரும், எது நான் கட்ட வேண்டியது என்று ஊகிக்க வேண்டும். "முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு" என்று திரைவாசிப்பானுக்குப் போகிற வரியில் எழுதிவிட்டால் தீர்ந்தது, திரையில் ஒரு புள்ளிகூட மாறாது. நட்சத்திரங்களும் அப்படித்தான். ஐந்து தனித்தனிப் படங்களாக வைத்தால் "நட்சத்திரம், நட்சத்திரம்" என்று ஐந்து முறை வரும், அதில் எத்தனை நிரம்பியவை என்பது மட்டும் வராது. "ஐந்துக்கு நான்கு, 212 பேர் மதிப்பிட்டது" என்று ஒரே வரியாக்குங்கள்.

அப்புறம் நிறம். சட்டைப் படத்துக்குக் கீழே வட்ட வட்டமாக நிறப்பொட்டுகள் இருக்குமாம், எனக்கு அவை நான்கு பட்டன்கள். பெயர் வேண்டும், எது இப்போது தேர்வாகியிருக்கிறது என்பதும் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை விளம்பரம் எழுதுகிறவரிடம் விட்டுவிடாதீர்கள், ஒரு ஆப்பில் "நள்ளிரவுக் கனவு" என்று ஒரு நிறம் இருந்தது, அது கறுப்பா கருநீலமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறவியிலேயே பார்வை இல்லாதவனுக்கு நிறம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். சட்டையைப் போடப்போவது நான், பார்க்கப்போவது நீங்கள்!

படத்துக்கு விளக்கம் எழுதினோம் என்கிறீர்கள். என்ன எழுதினீர்கள்? "பொருளின் படம் 3" என்றால் அது விளக்கம் இல்லை. கழுத்துப்பட்டி உண்டா, பொத்தானா ஜிப்பா, எத்தனை பாக்கெட், கோடு போட்டதா கட்டம் போட்டதா, கண்ணால் பார்க்கிறவர் அந்தப் படத்தில் எதைத் தேடுவாரோ அதை எழுதுங்கள். அளவு அட்டவணையைப் படமாக ஒட்டாதீர்கள், உண்மையான அட்டவணையாக வையுங்கள். விற்பனையாளர்கள்தான் படம் ஏற்றுகிறார்கள், எங்கள் கையில் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். அவர்கள் ஏற்றுகிற படிவத்தை வடிவமைத்தது நீங்கள்தானே, விளக்கம் இல்லாமல் படம் ஏறாது என்று வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதை ஏனோ யாரும் யோசிப்பதில்லை. ஒரு பொருளின் கட்டத்தில் படம், பெயர், விலை, நட்சத்திரம், இதயக்குறி, கூடை பட்டன் என்று ஆறு இருந்தால் எனக்கு ஆறு தள்ளல். அறுபது பொருளுக்கு முந்நூற்று அறுபது. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே உருப்படியாகச் சேர்த்து, பெயரை முதலிலும் விலையை அடுத்தும் வைத்து, இதயத்தையும் கூடையையும் அந்த உருப்படியின் கூடுதல் செயல்களாக உள்ளே போட்டுவிட்டால் அறுபதே தள்ளல். டாக்பேக், வாய்ஸ்ஓவர் இரண்டிலும் இதற்கு வசதி இருக்கிறது. எங்களில் பலர் குரலை மிக வேகமாக ஓடவிட்டுக் கேட்பவர்கள், முதல் இரண்டு வார்த்தையில் வேண்டாம் என்று தெரிந்தால் அடுத்ததற்குப் போய்விடுவோம். அதனால்தான் பெயர் முதலில். பெயருக்குள் "பட்டன்" என்று எழுதாதீர்கள், வாசிப்பானே அதைச் சொல்லும், நீங்களும் எழுதினால் "கூடையில் சேர் பட்டன் பட்டன்" என்று திக்கும்.

கேள்வி: கூடையில் பொருள் சேர்ந்ததும் மேலே கூடைக்குறியில் எண் மாறுகிறது. அதற்கு மேல் என்ன அறிவிப்பு வேண்டும்?

பதில்: ஒரு சொந்தக் கதை சொல்கிறேன். டூத் பிரஷ் வாங்கப் போனேன். எண்ணிக்கைக்குப் பக்கத்தில் "பிளஸ்" என்றது, இரண்டு வேண்டுமே என்று தட்டினேன். சத்தம் இல்லை. தட்டியது படவில்லை போல என்று மறுபடி தட்டினேன், கொஞ்சம் அழுத்தியும் தட்டினேன், அழுத்தினால் என்னவோ கேட்டுவிடும் என்பது போல. பார்சலில் ஏழு வந்தது. நல்லவேளை, கெட்டுப்போகிற சாமான் இல்லை.

நான் தொட்டதற்கு ஆப் பதில் சொல்ல வேண்டும். "எண்ணிக்கை இரண்டு", "கூடையில் சேர்ந்தது, மொத்தம் மூன்று பொருள்". அவ்வளவு போதும். திரையில் ஓரிடம் மாறினால் வாசிப்பான் தானாக அதைச் சொல்லும்படி குறித்து வைக்கிற வசதி வெகுகாலமாக இருக்கிறது, டபிள்யூசிஏஜி எனப்படும், இணையத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான உலகளாவிய அணுகல் வழிகாட்டியில் 2018-இல் வந்த 2.1 பதிப்பு இதைத் தனி விதியாகவே சேர்த்தது. பிழைச் செய்தியும் இதே கணக்குதான். பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டால் எனக்கு எப்படித் தெரியும்? எந்தப் பெட்டி, என்ன தவறு என்று வார்த்தையில் சொல்லி, வாசிப்பானை அந்தப் பெட்டிக்கே கொண்டுபோய் நிறுத்துங்கள்.

இதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய்விடாதீர்கள். தள்ளுபடி முடிய இத்தனை விநாடி என்று ஓடும் கடிகாரத்தை ஒருவர் இப்படிக் குறித்து வைத்திருந்தார். ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு... பொருளின் பெயரைக்கூடக் கேட்கவிடவில்லை அது.

கேள்வி: இவ்வளவு சிரமத்துக்கு, பார்வையற்றவர்களுக்கென்று எளிமையாகத் தனி ஆப் செய்து கொடுத்துவிடலாமே?

பதில்: வேண்டாம். தனி ஆப் முதல் மாதம் நன்றாக இருக்கும். அப்புறம் புதுச் சலுகை, புது வசதி எல்லாம் பெரிய ஆப்புக்குப் போகும், சின்னது அப்படியே கிடக்கும். எங்களுக்கு வேண்டியது உங்களுக்கு இருக்கிற அதே ஆப். ஒரு வரி நிரலை ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கிறார்களே, அதையும் நம்ப வேண்டாம். அப்படிப் பொய் வாக்குறுதி கொடுத்ததற்காக ஒரு நிறுவனத்துக்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025-இல் 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது.

கேள்வி: நான் டிசைனர். அணுகல் விதிகளைப் பின்பற்றினால் ஆப்பின் அழகு கெட்டுவிடுகிறது என்று எங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

பதில்: நான் மேலே சொன்னவற்றில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவுமே கிட்டத்தட்ட இல்லையே! அவர்கள் கவலைப்படுவது கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்கான விதிகளை நினைத்து. பார்வையற்றவர் என்று சொல்லிக்கொள்ளும் பலருக்கு ஓரளவு பார்வை உண்டு. அவர்களுக்காகச் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1, போனில் எழுத்தை இரட்டிப்பாக்கினாலும் வரிகள் வெட்டுப்படாமல் இருப்பது, தொடும் இடம் ஆண்ட்ராய்டில் 48 அலகு, ஐபோனில் 44. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுதினால்தான் அழகு என்றால், வெயிலில் போன் பார்க்கிற எல்லோரும் உங்களைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேள்வி: என் தம்பிக்குப் பார்வை இல்லை. பொருளைத் தேர்ந்தெடுப்பது வரை அவனே செய்கிறான், பணம் கட்டும்போது மட்டும் என்னைக் கூப்பிடுகிறான். நானே கட்டிவிடுகிறேன், எனக்கொன்றும் சிரமமில்லை. ஆனால் ஏன் அந்த இடத்தில் மட்டும்?

பதில்: அந்த இடம்தான் மோசமான இடம். பணம் கட்டும் பக்கம் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்துடையது, ஆப்புக்குள் ஒரு ஜன்னலாகத் திறக்கும். ஆப்காரர் செய்த நல்லதெல்லாம் அந்த வாசலோடு நின்றுவிடும்.

அங்கே முதலில் ஒரு கேப்ட்சா, நீங்கள் இயந்திரம் இல்லை மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்லும் சோதனை. போக்குவரத்து விளக்கு உள்ள கட்டங்களைத் தொடு என்கும். ஒலியாகக் கேட்கும் மாற்று இருந்தாலும் அந்த இரைச்சலோடு வாசிப்பான் குரலும் சேர்ந்து பேசும், காதும் கேளாதவர்கள் பிரெயில் கருவி வைத்துப் படிக்கிறார்களே அவர்களுக்கு அதுவும் இல்லை. அப்புறம் ஓடிபி. ஆறு எண்ணுக்கு ஆறு பெட்டி, ஒன்றில் எழுதினால் அடுத்ததற்குத் தாவுகிறதா இல்லையா என்று தெரியாது. ஒரே பெட்டி போதும், செய்தியிலிருந்து தானாக நிரம்பவும் விடலாம். பின் நம்பருக்கு எண்களைக் கலைத்துப் போட்ட கீபேட் வரும், அந்த எண்களுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருப்பார்கள், வைத்தால் சத்தமாகக் கேட்டுவிடுமாம். ஹெட்போன் என்று ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் நேரம் ஓடும். கூடையோ உள்நுழைவோ காலாவதியாகும் என்றால் முன்கூட்டியே எச்சரித்து, ஒரே தட்டலில் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி கொடு, பத்து முறையாவது நீட்டிக்க விடு என்கிறது முன்பு சொன்ன டபிள்யூசிஏஜி வழிகாட்டி. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, இழுத்துத்தான் செய்ய வேண்டும் என்ற நிலை கூடாது என்கிறது. முகவரிக்கு வரைபடத்தில் ஊசியை இழுத்து வைக்கச் சொல்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். முகவரியை எழுதினால் போதாதா?

நீங்கள் உதவுவதில் தவறே இல்லை. ஆனால் தம்பி உங்கள் பிறந்தநாளுக்கு எதையாவது ரகசியமாக வாங்க நினைத்தால் யாரைக் கூப்பிடுவான்? மருந்தோ உள்ளாடையோ வாங்க வேண்டியிருந்தால்? அவனுடைய பின் நம்பர் உங்களுக்குத் தெரிந்திருப்பது உங்கள் இருவருக்கும் பழகிப்போயிருக்கலாம், அதற்குக் காரணம் அந்தப் பக்கத்தை எழுதியவர்.

கேள்வி: இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா, இல்லை கடைக்காரர்களின் நல்ல மனசுதானா?

பதில்: பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு 2006-இல் டார்கெட் என்ற பெரிய கடைத்தொடர் நிறுவனத்தின் இணையதளத்துக்கு எதிராக வழக்குப் போட்டு, 2008-இல் 60 லட்சம் டாலர் இழப்பீட்டு நிதியோடு சமரசம் ஆனது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் ஆன்லைன் விற்பனைக்கும் அணுகல் கட்டாயம். சரி, சட்டத்துக்குப் பயந்து செய்தாலும் பரவாயில்லை, பட்டன் பேசினால் சரி.

கேள்வி: எங்கள் ஆப் முழுக்கத் தமிழில். ஆனால் வாசிப்பான் சில இடங்களில் வாயே திறப்பதில்லை, சில இடங்களில் ஏதோ உளறுகிறது.

பதில்: இது தமிழ் என்று வாசிப்பானுக்கு நீங்கள் சொல்லவில்லை, அதனால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கப் பார்த்துத் தோற்றுப்போகிறது. மொழிக்குறியீட்டைச் சேருங்கள். உளறுகிற இடங்களில் யூனிகோட் என்ற பொது எழுத்துக்குறி முறையில் இல்லாத பழைய எழுத்துரு எதிலிருந்தாவது வெட்டி ஒட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். "எ.கா", "கி.கி" போன்ற சுருக்கங்களை விரித்து எழுதினால் இன்னும் நல்லது.

கேள்வி: எல்லாம் செய்தபின் எப்படிச் சோதிப்பது? ஆப்பை அனுப்பினால் நீங்கள் பார்த்துச் சொல்வீர்களா?

பதில்: சொல்வேன், கட்டணம் உண்டு. மற்ற சோதனையாளர்களுக்குக் காசு கொடுத்துவிட்டு எங்களிடம் மட்டும் "ஒரு உதவி" என்று கேட்கிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. ஒருவரோடு நிறுத்தாமல் மூன்று நான்கு பேரைப் பிடியுங்கள், நேற்று வாசிப்பானை இயக்கியவரும் அதில் இருக்கட்டும், என்னைப் போன்ற பழம்பெருச்சாளிகள் எந்தக் குப்பையிலும் வழி கண்டுபிடித்துவிடுவோம்.

அதற்கு முன்னால் நீங்களே ஒரு நாள் செய்து பார்க்கலாம். கூகுளின் அக்சஸிபிலிட்டி ஸ்கேனரை ஓடவிட்டால் பெயரில்லாத பட்டன், ஒளி வேறுபாடு குறைந்த எழுத்து போன்றவை தெரியும். "படம் 3" என்ற விளக்கத்தை அது பாஸ் போட்டுவிடும். ஆகவே வாசிப்பானை இயக்குங்கள். ஐபோனில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை இருண்டுவிடும், எட்டிப் பார்க்கிற ஆசையும் போய்விடும். பிறகு ஒரு பொருளைத் தேடி, இரண்டை ஒப்பிட்டு, வாங்கி, பணம் கட்டி, எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்த்து, வந்தபின் அதைத் திருப்பி அனுப்பியும் பாருங்கள். திருப்பி அனுப்பும் பக்கத்தை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. பழுதான இடத்தைப் படம் எடுத்து ஏற்று என்று அது கேட்கும், ஏற்றாமல் அடுத்த பக்கம் வராது. பழுது எங்கே இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியும், அதை எழுதிச் சொல்ல அங்கே ஒரு பெட்டி வையுங்கள்.