ஒரே முகம், இரண்டு வாட்ச்: எஸ்கேஎக்ஸ்007 எடுக்கலாமா, எஸ்ஆர்பிடி55 எடுக்கலாமா?

கேள்வி: என்னிடம் ஆறு வாட்ச் இருக்கின்றன, டைவ் வாட்ச் மட்டும் இல்லை. செகண்ட் ஹேண்டில் ஒரு சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 வந்திருக்கிறது. கடையில் புதிதாக சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் எஸ்ஆர்பிடி55 இருக்கிறது. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி தெரிகிறது. எதை வாங்குவது?

பதில்: உருவம் ஒன்றுதான். இரண்டுக்கும் வார் அகலம் 22 மி.மீ., கண்ணாடியும் ஒன்றே, சீக்கோவின் கடினப்படுத்திய ஹார்ட்லெக்ஸ்தான். ஆனால் தண்ணீருக்குள் போனால் உறவு முடிந்துவிடும். எஸ்கேஎக்ஸ்007, டைவ் வாட்ச்சுக்கான சர்வதேச ஐ.எஸ்.ஓ. 6425 தரத்தில் 200 மீட்டருக்குச் சோதிக்கப்பட்ட டைவர் வாட்ச். அந்தத் தரப்படி ஒவ்வொரு வாட்ச்சையும் குறித்த அழுத்தத்தைவிடக் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். இருட்டில் 25 செ.மீ. தூரத்திலிருந்து நேரம் தெரியவும் வேண்டும். 2019இல் வந்த எஸ்ஆர்பிடி55 தாங்குவது 100 மீட்டர் வரைதான். அதன் கிரவுன் (பக்கவாட்டுக் குமிழ்) மரையிட்டுத் திருகி மூடுவதல்ல, வெறுமனே இழுத்து அழுத்துவது. நீச்சல் குளத்துக்குப் போதும், ஸ்கூபாவுக்கு வேண்டாம்.

மெஷினில் நிலைமை தலைகீழ். இரண்டுமே கை அசைவில் சுற்றேறும் ஆட்டோமேட்டிக்; ஆனால் எஸ்கேஎக்ஸில் இருக்கும் 7எஸ்26 மெஷினுக்குக் கிரவுனைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது. கிரவுனை இழுத்தாலும் நொடி முள் நிற்காது. எஸ்ஆர்பிடியின் 4ஆர்36 மெஷினில் சாவியும் கொடுக்கலாம், நொடி முள்ளும் நிற்கும். ஆறேழு வாட்ச் வைத்திருப்பவருக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் பத்து நாள் டிராயரில் கிடந்த வாட்ச் எப்படியும் நின்றுபோயிருக்கும். எஸ்கேஎக்ஸை எழுப்ப, பக்கவாட்டில் கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டுக் கையில் கட்ட வேண்டும். நொடி துல்லியமாக வேண்டுமென்றால் கிரவுனை முழுக்க இழுத்து, முட்கள் பின்னோக்கிப் போகும் பக்கமாக அதை லேசாகத் திருப்பிப் பிடியுங்கள், நொடி முள் நின்றுகொடுக்கும். இரண்டிலுமே இரவு 9 முதல் அதிகாலை 4 வரை கிழமை, தேதியை மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் பற்சக்கரங்கள் கடித்துக்கொண்டிருக்கும். நின்ற வாட்ச் காட்டுவது பகலா இரவா என்று தெரியாதல்லவா? முட்களை முதலில் 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேதியைத் தொடுங்கள்.

எங்கள் தேர்வு எஸ்கேஎக்ஸ்007. தொகுப்பில் டைவ் வாட்ச் என்று ஒன்று சேருகிறதென்றால் அது உண்மையிலேயே டைவ் வாட்ச்சாக இருக்கட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: உதிரி மாற்றாத அசலாக இருக்க வேண்டும். உற்பத்தி நின்றுவிட்ட மாடல் இது; வேறு நிறுவனங்கள் செய்த டயல், முள், பெசல் (கண்ணாடியைச் சுற்றிய சுழல் வளையம்) எல்லாம் ஏராளமாகக் கிடைப்பதால் கலவைச் சரக்கு சந்தையில் நிறைய.

வாட்ச்சைக் கையில் வாங்கிப் பாருங்கள். பின்மூடியில் 7எஸ்26-0020 என்று இருக்க வேண்டும். வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 53 என்று தொடங்கினால் 2005 அல்லது 2015 மார்ச். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து டயல் எழுத்தைப் பாருங்கள்: அசலில் ஓரம் கூர்மையாக நிற்கும், மறுபடி அச்சடித்ததில் மை கசிந்திருக்கும். விளக்கடியில் ஐந்து நிமிடம் காட்டி இருட்டுக்குக் கொண்டுபோங்கள். முட்களும் டயல் புள்ளிகளும் ஒரே நிறத்தில் ஒளிராவிட்டால் ஏதோ ஒன்று மாற்றப்பட்டது. 12 மணி முக்கோணத்துக்கும் ஓரத்து நிமிட வளையத்துக்கும் மயிரிழை விலகல் இருந்தால் பயப்பட வேண்டாம், அது அசலிலும் உண்டு.

டைம்கிராஃபர் (மெஷினின் ஓட்டத்தை அளக்கும் கருவி) வைத்திருக்கும் கடையில், அதன் லிஃப்ட் ஆங்கிள் அமைப்பை இந்த மெஷினுக்குரிய 53 டிகிரியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகச் சுற்றேறிய நிலையில் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் வீசும் கோணம்) 200 டிகிரிக்குக் கீழே இருந்தால் சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். நாளுக்கு 20 நொடி பிந்துவதும் 40 நொடி முந்துவதும் 7எஸ்26க்கு நிறுவனமே அனுமதித்த எல்லை.

வாங்கியவுடன் பின்மூடி, கிரவுன் இரண்டின் ரப்பர் வாஷரையும் மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவி, அழுத்தச் சோதனை செய்யாமல் தண்ணீரில் இறக்காதீர்கள். பழைய வாஷர் இறுகிப்போயிருந்தால் 200 மீட்டர் என்ற எழுத்து உதவாது. கிரவுனை மூடும்போது முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்பி, மரை 'டிக்' என்று உட்கார்ந்த பிறகு அழுத்தித் திருகுங்கள். கோணலாக ஏற்றி மரையைத் தின்றுவிட்டால் கிரவுன் குழாயோடு சேர்த்து வேலை வைக்கும்.